புரட்டாசியில் வாங்கிய கிரில்

"எத்தனை பேருக்கும்மா?" என்றான்
கடைப் பையன் சாண்டிலே.
எனக்கு எதிரே ஏழு கிரில்கள்
வாயைப் பிளந்துகொண்டு நின்றன,
பல் மருத்துவரிடம் வந்த குடும்பம் மாதிரி.

பதில் சொல்லாமல்
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.
ஆஸ்பத்திரி இரவுப் பணியில்
ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்த முதுகு இது,
அதற்குப் பாரம் தெரியும்.
பதினெட்டுக் கிலோ. வேண்டாம்.
வார்ப்பிரும்பு. அழகுதான், வேண்டாம்.
காலை மடக்கும்போது
விரலையும் சேர்த்து மடக்குவது
வேண்டவே வேண்டாம்.

கேரவன் வாங்கி மூன்று மாதம். பழையது.
முன்பு வைத்திருந்தவர்
அலமாரிக் கதவில் பிள்ளைகளின் உயரத்தைக்
கோடு கோடாகப் போட்டுவைத்திருக்கிறார்.
நான் அழிக்கவில்லை.
படுக்கைக்கு அடியில் இருக்கும் இடம்
மூன்று சாண் நீளம், ஒன்றரைச் சாண் அகலம்.
கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தேன்.
ஏழில் இரண்டுதான் முடிச்சுக்குள் அடங்கின.

அக்கா புருஷன் மோர்கனைக் கூப்பிட்டேன்.
முருகன் என்று வைத்த பெயர்;
பதிவேட்டில் எழுதியவருக்கு என்ன அவசரமோ.
"கரி அடுப்பு வாங்கு" என்றார்.
"கேஸில் சுட்டால் அதற்குப் பெயர் பிராய் இல்லை,
வாசலுக்கு வந்துவிட்ட சமையலறை."
மழை விழும்வரை மலையில் கரிக்குத் தடை,
புல்லெல்லாம் தீக்குச்சியாய் நிற்கிறது என்றேன்.
சற்று நேரம் பேச்சில்லை.
"அப்புறம் எதற்குப் போகிறாய்?"

சாண்டிலே சாசேஜ் கணக்கில் விளக்கினான்:
இதில் ஒரு சுருள், அதில் இரண்டு.
"கத்தரிக்காய்க் கணக்கில் சொல்லப்பா."
புரட்டாசி பிறந்து மூன்று நாள்.
நாடே இறைச்சி சுடுகிற பாரம்பரிய தினம்
ஒவ்வொரு வருடமும் சரியாக
இந்த மாதத்தில்தான் வந்து விழுகிறது.
சாட்ஸ்வொர்த்தில் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு
அடுத்த தெருப் புகை மட்டும்.
அவன் உள்ளங்கையைத் தட்டில் வைத்து வைத்து அளந்தான்.
"கத்தரிக்காய் ஆறு. மீலிச் சோளம் என்றால் எட்டு."
அதையே எடுத்தேன். ஒன்பது கிலோ.
காற்றுக்கு மூன்று பக்கம் தடுப்பு.

மூய் ரிவர் சுங்கச்சாவடி தாண்டியதும்
பின்னால் கடகடவென்று சத்தம்.
புது மாட்டுக்குக் கட்டுத்தறி பழகவில்லை.

பாரம்பரிய தினத்து மாலை.
மலை நீலமாகிக்கொண்டிருந்தது.
பக்கத்துக் கூடாரத்துக்காரர் வந்தார்,
ஒரு கையில் இடுக்கி, மறு கையில் தட்டு,
தட்டில் பாம்பாய்ச் சுருண்ட சாசேஜ்.
அவர் கரி மூட்டையை
முகாம் காவலர் வாங்கி வைத்துக்கொண்டாராம்.
"உங்கள் நெருப்பில், ஓரமாக..."
"இன்னும் இருபத்து மூன்று நாள் பொறுப்பீர்களா?"
சிரித்தார். என் முகத்தைப் பார்த்து
நிறுத்திக்கொண்டார்.

விளக்கம் எதுவும் சொல்லவில்லை.
சொல்லத் தொடங்கினால்
அது குபேந்திரன் வரைக்கும் போகும்.
அவ்வளவு கேஸ் என்னிடம் இல்லை.

போனவர் திரும்பி வந்தார்,
தகடு சுற்றிய நான்கு உருளைக்கிழங்குடன்.
மூன்றின்மேல் பிள்ளைகளின் பெயர்
நகத்தால் கீறியிருந்தது.
ஒன்று அவருக்கு.
மனைவிக்கு உருளை ஆகாதாம்;
அவள் என் கத்தரிக்காயையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனை பேருக்கு என்று கேட்டாயே, சாண்டிலே.
ஆறு. இன்றைக்கு ஆறு.

காற்று மூன்று தடுப்பையும் விட்டுவிட்டு
நாலாம் பக்கமாக வந்தது.
அவரும் நானும் முறை வைத்து
அங்கே முதுகைக் காட்டி நின்றோம்.
அப்படியும் உருளை நடுவில் வேகவில்லை.
பிள்ளைகள் ஓரத்தைச் சுரண்டித் தின்றார்கள்.
சின்னவள் மட்டும்
வேகாததையும் நறுக் நறுக்கென்று கடித்தாள்,
இதுதான் ருசி என்பதுபோல்,
என்னையே பார்த்தபடி.