இடப்பக்கம்

இருபத்தாறு வருஷம்
குவிரிலா ஆற்றுக்கு மேலே
சியாதுராவின் ரோப்காரில் தொங்கிக்கொண்டு
போய்வருகிறவள் நான்.
காற்று பெட்டியை உலுக்கும்,
சுரங்கத்து ஆட்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள்,
நான் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பேன்.

தலை சுற்றியது அங்கே இல்லை.
தரையிலிருந்து இரண்டடி உயரக் கட்டிலில்,
விடிகாலையில்,
போர்வையை இழுக்க
இடப்பக்கம் புரண்டபோது.

அலமாரி கிளம்பியது. அதன் பின்னால் ஜன்னல்,
ஜன்னலுக்குப் பின்னால் மறுபடி அதே அலமாரி.
மெத்தையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன்.
அரை நிமிஷம் இருக்கும்.
பிறகு எல்லாம் அதனதன் இடத்தில்,
ஒன்றும் அறியாத பிள்ளைபோல.
வாளியைத் தேடி நான் ஓடியதுதான் மிச்சம்.

ஜுஜுனா ரத்தக்கொதிப்பு என்றாள்.
குராம் நேற்றைய ஒயின் என்றான்
(குடித்தது அவன்).
மேலாளரிடம் நான் மூச்சுவிடவில்லை.
தலைசுற்றுகிறவளை எவன் கயிற்றில் ஏற்றுவான்?

பதினோரு இரவு நாற்காலியில் தூங்கினேன்.
அண்ணாந்து உப்பு ஜாடியை எடுப்பதில்லை,
குனிந்து செருப்பு மாட்டுவதில்லை.
முட்டைக்கூடை சுமப்பவள்போல் நடந்தேன்.
மகாராணி ஆகிவிட்டாயா என்று கேட்டான்
டிக்கெட் கிழிக்கும் நுக்சார்.

பன்னிரண்டாம் நாள் ஒருத்தியின் பை கிழிந்து
பெட்டிக்குள் வெங்காயம் உருண்டது.
குனிந்தேன்.
ஆறு மேலே போயிற்று.
என் கையை இறுகப் பிடித்தது யாரென்று தெரியாது,
வெங்காய வாசனை மட்டும் தெரியும்.

குதாய்சியில் எலிசோ என்றொரு டாக்டர்,
என் மகளின் வயசு.
காதில் இரைச்சல் உண்டா, கேட்பது குறைந்ததா,
நாக்கு குழறியதா, ஒரு பக்கக் கைகால் சோர்ந்ததா?
இல்லை. இல்லை. இல்லை. இல்லை.
'ஒன்றுக்கு ஆமாம் என்றிருந்தாலும்
உங்களை வேறு வாசலுக்கு ஓட்டியிருப்பேன்.'
தலையை எங்காவது இடித்தீர்களா?
பிப்ரவரியில், பெட்டிக் கதவில்.
அதுவாக இருக்கலாம், வயசாக இருக்கலாம்,
பாதிப் பேருக்குக் காரணமே அகப்படாது என்றாள்.

உள்காதில் பசைபோல ஒரு மெத்தை.
அதில் ஒட்டிய சுண்ணாம்புத் துகள்கள்
எது மேல், எது கீழ் என்று சொல்கின்றன.
உதிர்ந்து பக்கத்து வளைகுழாயில் விழுந்துவிட்டால்
தலை நின்ற பிறகும் அங்கே நீர் நகர்கிறது.
நிற்கிறோம் என்கிறது கண்,
சுற்றுகிறோம் என்கிறது காது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
ஊர் முழுக்க மாங்கனீஸ்.
குராமின் சட்டைப்பையில், சோப்பில், தலையணை உறையில்.
அத்தனை கல்லுக்கும் அசையாதவளை
கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு கவிழ்த்திருக்கிறது.

மாத்திரை?
குமட்டலுக்குத் தருகிறேன், கல்லை அது நகர்த்தாது.

தலையை இடப்பக்கம் பாதி திருப்பி
சட்டென்று மல்லாக்கச் சாய்த்தாள்.
வந்தது.
என் கண்களையே பார்த்தாள், அவை துள்ளுகின்றனவாம்.
'நல்லது' என்றாள்.
அந்த வார்த்தையை அவ்வளவு வெறுத்ததில்லை நான்.
அடங்கும்வரை காத்திருந்தாள்.
தலையை வலப்பக்கம். காத்திருந்தாள்.
உடம்போடு புரட்டி, மூக்கு தரையைப் பார்க்க.
காத்திருந்தாள்.
பிறகு காலைத் தொங்கவிட்டு மெல்ல எழுப்பினாள்.

அட, இது என் வேலை.
சுமையை வளைவில் பதமாக விட்டு,
சேரவேண்டிய மேடையில் சேர்த்து,
ஆடி அடங்கும்வரை
கதவைத் திறக்காமலிருப்பது.

திரும்ப வரலாம் என்றாள். வந்தால் வாருங்கள்.

இரவு குராமை எழுப்பி விளக்கைப் போடச் சொன்னேன்.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
இடப்பக்கம் புரண்டேன்.
அலமாரி
அங்கேயே நின்றது.
தாழ்ப்பாள் இல்லாத அதன் ஒற்றைக் கதவு மட்டும்
எப்போதும்போல் கிரீச்சிட்டுத் திறந்தது.
என்ன, என்றான்.
ஒன்றுமில்லை, தூங்கு.

கம்பியை விட
இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.