ஒரு வரியில் எழுதுக

செக்காலை ரோட்டில் தகரக் கூரை ஜெபவீடு.
சனிக்கிழமை வாலிபர் கூட்டத்தில்
டேனி அண்ணன் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.
'உன்னைக் குறித்த தேவனுடைய நோக்கம் என்ன?
ஒரு வரியில் எழுதுக.'
கீழே புள்ளிகளால் ஒரு கோடு.

ஷெர்லின் எழுதினாள்: வடக்கே ஊழியம்.
கிதியோன் எழுதினான்: ஐ.ஏ.எஸ்., அதன் வழியாக மகிமை.
கீபோர்டு வாசிக்கும் பையன்கூட
நிமிராமல் எழுதி மடித்துவிட்டான்.
எப்சிபா என்று எனக்குப் பெயர் வைத்தவர்கள்
'அவள்மேல் பிரியம்' என்று அதற்குப் பொருள் சொன்னார்கள்.
பிரியம் எதற்காக என்று சொல்லவில்லை.
மூன்றாம் ஆண்டு வேதியியல், ஓர் அரியர்.
வரி வரவில்லை.
அடுத்த வாரம் தருகிறேன் அண்ணா என்று
தாளை ரெக்கார்டு நோட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

செவ்வாயன்று ஆய்வகம்.
போன வாரம் உப்புத் தண்ணீரில் போட்டுவைத்த
இரும்புத் துண்டையும்
கம்பியால் அதனோடு கட்டிய துத்தநாகத்தையும் எடுத்தோம்.
இரும்பு அப்படியே இருந்தது.
துத்தநாகம் பொரிந்து, வெள்ளை பூத்து,
தராசில் பூஜ்யம் புள்ளி நான்கு கிராம் குறைந்திருந்தது.
பாடத்தில் அதன் பெயரே பலி மின்வாய்.

சாட்சி சொல்ல லட்டு மாதிரி உவமை.
பேனாவைத் திறந்தேன்.
'பிறருக்காகக் கரைவது' என்று எழுதப்போய்
கை நின்றுவிட்டது.
துத்தநாகத்தை யாரும் கேட்கவில்லையே.
மாட்டேன் என்று சொல்ல அதற்கு வாய் ஏது?
தோட்டத்து இருட்டில், முகங்குப்புற விழுந்து,
இது எனக்கு வேண்டாமே என்று கெஞ்சியவர் ஒருவர்.
அவர் பெயரைச் சுமந்துகொண்டு
நான் எப்படி உலோகமாவேன்?

எங்கள் விடுதி ஒரு செட்டியார் வீடு.
வாரிசுகள் சிங்கப்பூரில், சாவி வார்டனிடம்.
பர்மாத் தேக்குத் தூண்களுக்கிடையே
நைலான் கயிற்றில் நைட்டிகள் காயும்.
வியாழன் இரவு கரண்ட் போயிருந்தது.
பக்கத்துக் கட்டில் உமையாள், புதுவயல்காரி,
எழுந்து ஓடி, கதவுவரை எட்டாமல்
ஆத்தங்குடிப் பூக்கல் மேல் வாந்தி எடுத்தாள்.
மறுபடியும். பிறகு வயிறும் போனது.
வார்டன் போனை எடுக்கவில்லை.
அவள் 'கொப்புடையம்மா' என்றாள்.
நான் 'தேவனே' என்றேன்.
அதற்கு மேல் ஜெபம் நீளவில்லை,
வாளி தேட வேண்டியிருந்தது.

வளவுக் குழாயில் தண்ணீர் பிடித்து
மொபைல் வெளிச்சத்தில் தரையைக் கழுவினேன்.
ஒரு சிவப்புப் பூ, ஒரு பச்சைப் பூ,
ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன.
என்னை அன்பானவள் என்று நினைக்க வேண்டாம்.
துப்பட்டாவால் மூக்கைக் கட்டியிருந்தேன்.
காலையில் இன்டர்னல் இருக்கிறதே என்று எரிச்சல்.
'அந்த ரோட்டுக்கடைப் பரோட்டா வேணாம்னு
தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல' என்று
கத்தவும் செய்தேன்.
'போடி' என்றாள், சிரிக்கப் பார்த்து.

உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்க வேண்டும்.
பாட்டில் வாய் சிறிது, எல்லாம் சிந்துகிறது.
இருட்டில் நோட்டுக்குள் கைவிட்டு
அகப்பட்ட தாளை உருவி, கூம்பாகச் சுருட்டி,
ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு.
மூடி மூடியாய்க் குடித்தாள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.
தேவகோட்டை முதல் பஸ் ஹாரன் அடித்தபோது
அவள் என் தலையணையிலும் சேர்த்துத்
தூங்கிக்கொண்டிருந்தாள்.

விடிந்த பிறகுதான் பார்த்தேன்
எந்தத் தாள் அது என்று.
டேனி அண்ணன் கேட்டால்
நனைந்துவிட்டது என்று சொல்லலாம்.
பொய்யில்லை.
விரித்து ஜன்னலில் வைத்தேன்.
புள்ளிக்கோட்டின் மேல் எறும்புகள்,
இடமிருந்து வலமாக,
சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு,
உப்பை மட்டும் விட்டுவிட்டு.