நல்ல தண்ணி

நாலே காலுக்குச் சுமத்ரா வந்தது.
சாங்கியில் அப்படித்தான் சொல்வோம்,
விடியுமுன் மேற்கேயிருந்து கிளம்பி வந்து
செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழைகிற காற்றை.

மிதவைக் கயிறு முனகியது.
பாய்மரத்தில் கம்பிகள் அடித்துக்கொண்டன.
எதிரே உபின் தீவு இருந்த இடத்தில்
வெறும் சத்தம்.
பாயை இறுக்கிக் கட்டினேனா என்று யோசித்தபடி
காலைக் கீழே வைத்தேன்.
தரை நனைந்திருந்தது.

எவ்வளவு? எங்கிருந்து?
எத்தனை வெள்ளி என்பது விடிந்த பிறகு.

இந்தப் படகை ஆறாயிரத்துக்கு விற்றுவிட்டு
ஊர் திரும்பிய டச்சுக்காரர்
சாவியோடு ஒரு பிஸ்கட் டின்னும் தந்தார்.
உள்ளே நூற்றுச் சொச்சம் திருகாணிகள், வளையங்கள்.
"எல்லாம் எதிலிருந்தோ கழன்றவை.
எதிலிருந்து என்றுதான் தெரியாது."
நான்கு வருடத்தில்
முப்பத்தேழு வீடு திரும்பியிருக்கின்றன.

மின்பம்பு கனைத்தது, நின்றது.
கைப்பம்பை அடித்தேன்.
அதன் ரப்பர் போன மாதம் நான் வெட்டியது,
சைக்கிள் டியூபில்.
புதிது நாற்பத்தெட்டு வெள்ளி.
பிடோக் சைக்கிள் கடை கெங் சுவான்
ஓட்டை டியூபைச் சும்மாவே கொடுத்துவிட்டு
"காத்தே நிக்காததில தண்ணி நிக்குமா?" என்றார்.
நிற்கும். எழுபது அடிக்கு ஒருமுறை இருமும்,
அவ்வளவுதான்.

அடுப்பின் மேல் போன் அதிர்ந்தது. ஈசூனிலிருந்து தங்கை.
"மின்னலைப் பாத்தேங்க்கா. உசிரோட இருக்கியா?"
வாயில் டார்ச். "ம்" என்றேன்.
"பதினோராவது மாடிக்குத் தண்ணி ஏறாது. வந்துடேன்."
அதற்கும் "ம்"தான் வந்தது.
வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்டதில்
என் பங்கு ஓர் அறை வாடகைக்குச் சில வருடம் காணும்.
போய்ப் பார்த்தேன். சன்னல் திறந்தால்
இன்னொருவர் சன்னல்.
டார்ச்சோடு அதையெல்லாம் சொல்ல முடியாது.
டார்ச் இல்லாதபோதும் சொன்னதில்லை.

இயந்திரத் தண்டு வெளியேறும் இடத்தில்
நிமிடத்துக்கு மூன்று சொட்டு, எப்போதும்போல.
கழிப்பறை வால்வு காய்ந்திருந்தது.
வேறு வழியில்லாமல்,
படகுக்காரர்கள் வெளியே சொல்லாத காரியத்தைச் செய்தேன்:
டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அடித்தட்டில் தேங்கியதில் விரலை முக்கி
நாக்கில் வைத்தேன்.

உப்பென்றால் கடல்.
கடலென்றால் கிரேன், கரையில் தூக்கி நிறுத்தல்,
நாள் கணக்கில் ஏறும் கூலி,
சரக்குக் கூடத்தில் நான் இரவெல்லாம் பெட்டி எண்ணும்
ஐந்து மாதச் சம்பளம்,
பிறகு பதினோராவது மாடி.

டீசல். துரு.
எப்போதோ உருண்டுபோன வெங்காயம்.
மறுபடி தொட்டு
நாக்கின் ஓரத்துக்கும் காட்டினேன்.

நல்ல தண்ணி.

நேற்று ரோஸ்லியின் சாம்பானில்
நான்கு கேனில் ஏற்றி வந்த எண்பது லிட்டர்,
குடிக்க, சமைக்க, தலைக்கு ஊற்ற என்று
வாரம் முழுக்கப் பங்கு போட்டிருந்தது,
என் கணுக்காலைச் சுற்றி நிற்கிறது.
மூழ்கிக்கொண்டிருக்கவில்லை நான்.
சிந்திவிட்டேன்.

"அக்கா? என்ன சத்தம்? அழுவுறியா?"
"நல்ல தண்ணிடி மைதிலி!"
"மழையா?"
"குடிக்கிற தண்ணி. எல்லாம் போச்சு."
"அதுக்கா சிரிக்கிற?"

தொட்டிக்குப் பின்னால் கை நுழையும் அளவு சந்து.
குழாயின் கவ்வி துருவேறி இரண்டாகக் கிடந்தது.
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன்.
முப்பத்தெட்டாவது இதுவாக இருக்கும் என்று
ஒரு வளையத்தை எடுத்துப் பொருத்தினால்
விரற்கடை பெரிது.
டியூபில் ஒரு துண்டு மிச்சமிருந்தது.
குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி
அதன் மேல் இறுக்கினேன்.

மேலே கூரையில் சத்தம் தணிகிறது.
"அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.
மழை விடுவதற்குள்
வாளிகளை மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும்.