பத்து நிமிடக் காற்று

ஏப்ரல் கடைசி. சிவப்பாறு கரை மீறிவிட்டது.
எழுபத்தைந்தாம் நெடுஞ்சாலையை மூடிவிட்டதாக
வானொலி சொன்னபோது, நான்
வினிப்பெக்கில், ஜன்னலில்லாத ஓர் அறையில்
ஏழு நாள் நாற்றுகளை
ஆர்கான் வாயுவுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன்.
கடுகுக்குத் தூரத்துச் சொந்தம் இந்தக் களை.
ஒரு தட்டில் முந்நூறு.

மங்கிய பச்சை விளக்கு மட்டும்.
வெள்ளை வெளிச்சம் பட்டால்
தமக்கான காற்றைத் தாமே சமைத்துக்கொள்ளும், கள்ளச் செடிகள்.

காற்று நின்றதும் செல் கத்துவதில்லை.
கைவேலையைக் கீழே வைக்கிறது.
சுவரைத் தடிப்பாக்கு, வேரை நீட்டு என்று
உட்கரு எழுதி அனுப்பிய ஆர்.என்.ஏ. எல்லாம்
பாதி வாசிப்பில் நிற்கின்றன.
கிழிப்பதில்லை.
தூது வந்தவரைக் கொல்லலாகாது என்பது
இந்தச் சின்ன அரசுக்கும் தெரிந்திருக்கிறது.
ஒரு புரதம் வருகிறது;
யு எழுத்து மிகுந்த வாலாகப் பார்த்துப் பிடித்து
கும்பல் கும்பலாக ஓரத்தில் உட்காரவைக்கிறது.
நாங்கள் அதற்கு ஒளி பூட்டியிருப்பதால்
நுண்ணோக்கியில் பச்சைப் பொட்டுகள்.

ஒரு சிலதுக்கு மட்டும் வழிவிடுவார்கள்:
சர்க்கரையை அரைகுறையாய் உடை,
சாராயமாக்கு,
உயிரைப் பிடித்துக்கொள்.

மூடி திறந்த முப்பது விநாடிக்குள்
திரவ நைட்ரஜனில் போட வேண்டும்,
ஒரு மூச்சு இழுக்கும் முன்.
மடித்த தாளில் என்ன இருக்கிறதென்று பார்க்க
மடித்த கையை உறையவைப்பது,
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆறாவது தட்டைத் திறந்தேன். தொலைபேசி அடித்தது.
கெர்ஹார்ட் ஃப்ரீசன், மோரிஸிலிருந்து.
ஊரைச் சுற்றிய அணையை அடைத்தாகிவிட்டது,
வேலைக்கு வரமுடியாது.
பியானோவை மாடிக்கு ஏற்ற நாலு பேர் போதவில்லையாம்.
கீழே பம்ப் மட்டும் ஓடுகிறது; அதன் இரைச்சலில்
பாதிப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை.
அணைக்கு வெளியே வயல்.
குளிர்காலக் கோதுமை நாலு நாளாய் நீருக்கடியில்.
"பிழைக்குமா?" என்றார்.
தண்ணீர் குளிர்ந்திருந்தால் தாங்கும் என்றேன்.
எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

திரும்பினால், தட்டு திறந்தே கிடக்கிறது.
பத்து நிமிடம்.

ஒரு நாற்றைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைத்தேன்.
பொட்டு ஒன்றுகூட இல்லை.
உட்காரவைத்த அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள்,
சுவருக்கு, வேருக்கு,
விட்ட வரியிலிருந்தோ முதலிலிருந்தோ, யார் கண்டது.
செல் முழுக்க ஒரே சீரான பச்சை,
சந்தை திறந்த மாதிரி.

'தட்டு ஆறு: வீண்' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
மரபு மாற்றிய செடி, வெளியே விடக் கூடாது;
பையில் கட்டி, நீராவியில் அவித்து, குப்பைக்கு.
அவிக்கும் இயந்திரத்தில் வேறு யாருடைய முறையோ
இன்னும் அரைமணி ஓடும்.

பச்சை விளக்கை அணைத்துவிட்டு
வெள்ளை விளக்கைப் போட்டேன்.