உறையின் ஓரம்

அறுநூற்று நாற்பது பக்க நாவல்.
கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில்
எடைக்கு வாங்கியது.
கடைக்காரனுக்குத் தமிழ் தெரியாது.
தலைகீழாகத்தான் அடுக்கியிருப்பான்.
கழுத்தை ஒடித்துத் தலைப்புப் படிக்க
எங்களுக்கும் பழகிவிட்டது.

பிரதி ஒன்று, ஆட்கள் மூன்று.
யார் முதலில் என்று
தாணே வருவதற்குள் சண்டை.
ஜெபக்கனிதான் பிளேடை எடுத்தாள்.
எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள்.
ஆடுகிற ரயிலில்
கைக்குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல
முதுகுத் தையலைப் பிரித்தாள்.

முன்னட்டையோடு முதல் பகுதி எனக்கு.
நடு அவளுக்கு.
பின்னட்டையோடு கடைசி, சொர்ணவடிவுக்கு.
நடுவிலிருந்து எப்படிப் படிப்பாய் என்றேன்.
"இந்த ஊருக்குள்ள நாம மட்டும்
ஆரம்பத்துலயா ஏறினோம்?" என்றாள் ஜெபக்கனி.
வடிவு சொன்னாள்:
"முடிவு தெரிஞ்சா எனக்குப் பயம் இருக்காது."
ஒரே விதி, வாய் திறக்கக்கூடாது.

எட்டு பதினேழு ஃபாஸ்ட், பெண்கள் பெட்டி.
முன்னால் நிற்கும் மராத்திப் பெண்ணின் தோள்
என் மேசை.
பக்கம் திருப்பும்போது
அவளும் கொஞ்சம் குனிந்து தருவாள்.

ஜூலையில் வடிவு வரவில்லை.
மழை என்று நினைத்தோம்.
ஆகஸ்டிலும் மழை என்றே நினைத்தோம்.
வாடகை ஏறி
நாலாசோப்பாரா பக்கம் போய்விட்டாளாம்.
அவள் எண்ணில் இப்போது
ஒரு குஜராத்திக் கிழவர் பேசுகிறார்.
மூன்றாம் முறை அழைத்தபோது
சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நானூற்று முப்பத்திரண்டாம் பக்கம்.
அவளுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது.
கடைசி வரி இப்படி நிற்கிறது:
உறையின் ஓரத்தைக்

அந்த ஒற்றை வைத்துக்கொண்டு
எட்டு மாதம் தாதர் போய்வந்தோம்.
அடுத்த சொல் ககரத்தில்தான் தொடங்கியாக வேண்டும்.
கிழித்தாள், என்றேன் நான்.
கசக்கினாள். கடித்தாள். கத்தரித்தாள்.
கொளுத்தினாள் என்று
காட்கோபரில் ஜெபக்கனி கத்தியதில்
உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா
பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

மார்ச்சில், தாதர் பாலத்தின் நடுவில்
யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள்.
திருடி என்று திரும்பினேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
என் கையிலிருந்த முன்னட்டையைப் பார்த்தாள்.
அதே அரக்குச் சிவப்பில்
அவளிடம் ஒரு பின்னட்டை.

பேச்சித்தாய், ஆஸ்பத்திரி ஆயா.
பின்னட்டையின் உள்ளே
பென்சிலில் பதினொரு பெயர்கள்:
வசாய், பாயந்தர், விரார்.
எல்லாவற்றுக்கும் மேலே வடிவின் கையெழுத்து:
ஆரம்பம் டோம்பிவிலி 8.17-ல் இருக்கிறது.

"அந்த மனுஷன் எதுக்கு அழுறான்,
அத முதல்ல சொல்லுங்க" என்றாள் பேச்சித்தாய்.
பதினொரு பேரும் ஆளுக்கொரு ஆரம்பம்
கட்டி வைத்திருக்கிறார்களாம்.
அண்ணனைக் கொன்றவன் என்கிறது பாயந்தர்.
விராரில் இரண்டு பேருக்கு
இதனால் பேச்சுவார்த்தை இல்லை.

வடிவு எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.
அவள் பார்த்ததே இல்லை.
நாலு கை மாறி வந்ததாம்.

பின்னாலிருந்து ஒருத்தி திட்டினாள்,
நடுப்பாலத்தில் என்ன பேச்சு என்று.
நான் கொடுத்தேன். அவள் கொடுத்தாள்.
இரண்டு பேருமே
ஒரு நொடி விடாமல் பிடித்திருந்தோம்.
பிறகு கூட்டம் ஆளுக்கொரு பக்கம்
இழுத்துப் போய்விட்டது.

படிக்கட்டுக்குக் கீழே
வடாபாவ் புகைக்குள் நின்று பிரித்தேன்.
நானூற்று முப்பத்து மூன்று.
முதல் சொல்:
காணோம்.
அவளுக்கு முன்னமே யாரோ
பிரித்துப் படித்திருக்கிறார்கள்.

நாளை தாணே தாண்டியதும்
ஜெபக்கனி என் முகத்தையே பார்ப்பாள்.
நான் வாய் திறக்கப்போவதில்லை.