நாற்பத்து நான்காம் பக்கம்

மிலானிலிருந்து இருவர் வந்தார்கள்,
ஒருவரிடம் கேள்விகள், மற்றவரிடம் விளக்குகள்.
மனியாகோவில் நான்கு நாளாய் விடாத மழை.
விளக்குக்காரர் வந்ததும் கேட்டது தீப்பொறி.

பொறி பறக்கிற வேலை இன்று இல்லை என்றாள் நீவெஸ்,
கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு.
கீல் பொருத்துகிற நாள்.
ஒரு சொட்டு எண்ணெய்,
மற்றபடி மூச்சை அடக்கிக்கொள்வதுதான் வேலை.
அவர் தலையாட்டிவிட்டு
பட்டறை விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்தார்.
கடைசியில் பழைய கதவு ஆணி ஒன்றைத் தேடியெடுத்து
சக்கரத்தில் கொடுத்தோம்.
அந்த ஆணிதான் அட்டைப்படம்.

நான் லொரெதானா, கணக்கெழுதுகிறவள்.
இதழில் என் முழங்கை வந்திருக்கிறது.

ஆறு பக்கம்.
"மௌனமே இவரது தாய்மொழி" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி.
முந்தின நாள்தான் அவளுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தது.
பஞ்சைக் கடித்துக்கொண்டு யார் பேசுவார்?
அவள் வாய் திறந்தால் முடியாது என்று
தபாலை வாசலிலேயே போட்டுவிட்டு
ஓடிவிடுவார் ஃபெரூச்சோ.

"யாவும் இவர் கைகளால்" என்று இன்னொரு வரி.
திருகுகள் பெட்டி பெட்டியாய் பிரேஷாவிலிருந்து வருகின்றன,
ரசீது என்னிடம் இருக்கிறது.
எஃகு பழுப்பது அடுத்த தெருவில், எலிசியோவின் உலையில்.
அவன் இதழைக் காசு கொடுத்து வாங்கி
தன் பெயரைத் தேடினான்,
கைக்கடிகார விளம்பரம் வரை தேடினான்,
பிறகு ஒரு வாரம்
எங்களைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் நடந்தான்.

அப்புறம் தொலைபேசி.
பெர்கனிலிருந்து, கிராஸிலிருந்து,
மடக்குக்கத்தியால் என்ன செய்வதென்று
என்னிடமே கேட்ட ஒரு வழக்கறிஞரிடமிருந்து.
எல்லோருக்கும் நாற்பத்து நான்காம் பக்கத்துக் கத்தி வேண்டும்,
அந்த ஆட்டுக்கொம்புப் பிடி, அதே கீற்று.
பதினான்கு மாதம் ஆகும் என்றேன்.
சந்தோஷப்பட்டார்கள்.
மூன்று மாதம் என்றிருந்தால்
பாதிப்பேர் யோசித்திருப்பார்கள்.

ஊதினேவிலிருந்து ஒரு கடிதமும் வந்தது, பென்சிலில்.
"அம்மையீர், படத்தின்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.
மடக்கிய நிலையில் உங்கள் அலகு
இடப்பக்கம் சாய்ந்து படுக்கிறது.
மயிரிழைதான்.
ஆனாலும் சாய்வு."
கீழே: ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர்.

நீவெஸ் உருப்பெருக்கியைக் கண்ணில் செருகினாள்.
முதலில் தெரிந்தவை அச்சுப் புள்ளிகள், நீலமும் மஞ்சளுமாய்.
எண்ணினாள்.
அலகுக்கு வலப்பக்கம் ஐந்து புள்ளி இருட்டு,
இடப்பக்கம் மூன்று.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.
"ஆறு பக்கத்தில் கத்தியைப் பார்த்தவர்
இந்த ஆள் ஒருத்தர்தான்" என்றாள்.

அந்தக் கத்தியை விளக்குக்காரரே
அன்றைக்கே வாங்கிப் போயிருந்தார்.
மிலானுக்கு அழைத்தாள்.
அனுப்புங்கள், செலவு என்னுடையது,
அரை மணி நேர வேலை.
மறுமுனையில் பதறிப் போனார்:
"வேண்டவே வேண்டாம்! படத்தில் இருப்பது இதுதானே!"
தொலைபேசியை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் வேறொரு அலகு, சாணைக்கல்லில்.
கூர் பார்க்க எப்போதும் என் காலாவதி ரசீதுகள்தான்.
அன்று அவள் கை இதழை எடுத்தது.
வழவழத்த தாளில் களிமண் உண்டு, முனையைத் தின்னும்,
எனக்கே அதைச் சொல்லித் தந்தவள் அவள்.
ஆணியின் பொறிகள் இரண்டாய்ப் போயின.
"மௌனமே" போனது, ஓசையில்லாமல்.
அவள் நெற்றி, புருவம்,
காதருகே வந்ததும் தாள் கிழிந்தது.

"பிசிறு," என்றாள்.
மறுபடி கல், ஏழு இழுப்பு.
மறுபடி காதிலிருந்து தொடங்கி
தாடைவரை, நூல் பிடித்தாற்போல்.

கீற்றுகளைக் கூட்டி அள்ளியது நான்.
ஒன்றில் என் முழங்கை முழுசாய் இருந்தது.
அதை மட்டும்
பிரேஷா ரசீதுக் கட்டில் செருகிவைத்தேன்.