தனியாளுக்கான டூல்

மழை விட்ட நான்காம் நாள்
ஜி.பி. ரோட்டில் பாதிக் கடைகள்தாம் ஷட்டர் தூக்கியிருந்தன.
நனைந்த அட்டைப்பெட்டிகளை வெயிலில் விரித்துக்கொண்டே
ஹபிபுல்லா எடுத்துக் காட்டினார்:
பொம்மைத் துப்பாக்கி போல ஒரு வேக்கம் பம்ப்,
அதன் நெற்றியில் ஒரு முள்,
சின்ன டப்பா, இரண்டு ட்யூப்.
"லீவர் பிடிக்க ஆள் வேணாம் சார்,
தனியாளுக்குன்னே வந்தது."
ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
பேரம் பேசத் தோன்றவில்லை.

வேளச்சேரி பார்க்கிங்கில்
தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு.
வண்டியின் அச்சுக்கு மேலே நான்கு விரல்.
பிரேக்கைப் பிடித்தால்
டீயில் ஊறிய பன்னைப் போல அமுங்கிப் போகிறது.
நேற்று விஜயநகர் சிக்னலில்
மாநகரப் பேருந்தின் முதுகு
தேவைக்கு மேல் பெரிதாகத் தெரிந்தது.

போன தடவை
நீ வண்டிமேல் உட்கார்ந்திருந்தாய்.
நான் சக்கரத்தோரம் குந்தியிருந்தேன்,
எட்டாம் நம்பர் ஸ்பேனரோடு.

பிடி.
பிடிச்சிட்டேன்.
விடாதே, விடாதே, இப்போ திறக்கிறேன்.
ம்.
மூடிட்டேன். விடு.

இருபது தடவையா, முப்பதா.
நடுவில் உனக்கு போன் வந்தது.
நான் மூடுவதற்குள் நீ விட்டுவிட்டாய்.
வெளிக்காற்று விறுக்கென்று உள்ளே போனது.
முதலிலிருந்து ஆரம்பித்தோம்.
அதற்கு நான் கத்தியது
டெல்சி அக்கா பால்கனி வரை கேட்டிருக்கிறது.
இன்று அதே பால்கனியிலிருந்து
"சுகிர்தா இன்னும் ஊர்லேர்ந்து வரலியா?"
சத்தமே போடாத பம்ப் இது.
காதில் விழாதது போல இருக்க வழியில்லை.

பழைய ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இறங்குகிறது.
மூடியே வைத்தாலும்
காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் ஜாதி.
இந்த ஊர்க் காற்றில் அதற்குக் குறைவா.
பெயின்ட்டில் சொட்டினால் உரித்துவிடும் என்று
டேங்க்மேல் ஈரத்துணி விரித்திருக்கிறேன்.
போன முறை விரிக்கவில்லை.
நாலணா அளவுக்கு ஒரு சொட்டை
அப்படியே இருக்கிறது.

பம்பை அழுத்த அழுத்த முள் ஏறுகிறது.
நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறேன்.
ட்யூபில் குமிழ்கள்.
உலை கொதிக்கிறாற்போல் ஓயாத குமிழ்கள்.
ஒரு பாட்டில் காலி. இன்னும் குமிழ்கள்.
அரை மணி கழித்துத்தான் புரிந்தது,
இது லைனுக்குள் இருந்த காற்றே இல்லை.
நிப்பிள் மரையின் இடுக்கு வழியாக
வெளிக்காற்றை உறிஞ்சி உறிஞ்சி
பம்பே எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது.

மரையில் கிரீஸ் தடவினேன். நின்றது.

கிளட்சுக்கு வேறு வழி.
சிரிஞ்சில் புது ஆயிலைக் கீழிருந்து மேலே ஏற்றினேன்,
காற்று தானாகப் போக விரும்புகிற திசையிலேயே.
பத்து நிமிடம். கல் மாதிரி ஆகிவிட்டது.
பிரேக்தான் இன்னும் கொஞ்சம் குழைவு.
எங்கோ ஒரு வளைவில்
ஒற்றைக் குமிழ் ஒளிந்துகொண்டிருக்கிறது.

லீவரை அழுத்திக் கட்டி
ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் மேலேறிப் போய்விடும்.
சாவி ஆணியில் உன் தலைமுடி ரப்பர் தொங்கியது.
கொண்டுவந்து இரண்டு சுற்று சுற்றினேன்.
இழுவை போதவில்லை.
பழைய சைக்கிள் ட்யூபை அறுத்து
இறுகக் கட்டிவிட்டு
மேலே வந்து படுத்தேன்.
தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தரைக்கு அவிழ்த்தேன்.
லீவர் பாதி தூரம் வந்து
இதற்குமேல் முடியாது என்றது.
தெருமுனை ஆவின் பூத் தாண்டி
நாற்பதில் போகையில்
குறுக்கே வந்தது ஒரு செம்பட்டை நாய்.
இரண்டே விரல்.
வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது.
முதுகில் வந்து எதுவும் மோதவில்லை.
நாய் திரும்பிப் பார்க்காமல்
பால் கிரேட்டுகளின் பக்கம் போனது.